ஒரே அடித்தளம், வேறு உடல்: கார் ஒப்பீடு குறித்து ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் படித்து வருகிறேன். புதிதாக வரும் கார்களின் விலை, இன்ஜின் திறன், மைலேஜ், தொடுதிரையின் அளவு ஆகியவற்றை அந்தப் பக்கம் நன்றாகவே சொல்லிவிடுகிறது. ஆனால் எங்கள் வீட்டின் பழைய காரை மாற்றுவதற்காகக் கடந்த மூன்று மாதங்களாக அண்ணா சாலையிலும் வேளச்சேரியிலும் பல்லாவரத்திலும் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கிய பிறகு, ஒரு குடும்பம் முடிவெடுக்கத் தேவையான ஒப்பீடு எங்குமே கிடைப்பதில்லை என்ற எண்ணம் எனக்கு உறுதியாகிவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் நாத்தனார் குடும்பத்துக்கு நேர்ந்ததை முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் சென்ற ஆண்டு சிஎன்ஜியில், அதாவது அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவில், ஓடும் சிறிய செடான் (டிக்கி பின்னால் தனியாக நீண்டிருக்கும் கார்) ஒன்றை வாங்கினார்கள். நடக்க முடியாத மாமனாரைப் பிசியோதெரபிக்கு வாரம் இருமுறை அழைத்துச் செல்ல வேண்டும் என்பதும், அவருடைய மடக்கு சக்கர நாற்காலி டிக்கிக்குள் போக வேண்டும் என்பதும்தான் அவர்கள் செடானைத் தேடியதற்கே காரணம். ஷோரூமில் டிக்கியைத் திறந்து காட்டினார்கள், நாற்காலியைக் கொண்டுபோய் வைத்தும் பார்த்தார்கள், தாராளமாக இருந்தது. ஆனால் அவர்களுக்குக் காட்டப்பட்டது பெட்ரோல் வண்டி. டெலிவரி எடுத்த அன்று, மாலை போட்டுத் தேங்காய் உடைத்த பிறகு டிக்கியைத் திறந்தால், பாதிக்கும் மேற்பட்ட இடத்தை சிஎன்ஜி சிலிண்டர் அடைத்துக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அந்த நாற்காலி பின் இருக்கையில்தான் பயணம் செய்கிறது. நாத்தனார் ஆட்டோவில் பின்தொடர்கிறார். அந்த ஷோரூமின் பெயரை எழுத நான் விரும்பவில்லை. யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. கேட்க வேண்டிய கேள்வி இவர்களுக்குத் தோன்றவில்லை, சொல்ல வேண்டியதை அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் சிலிண்டரை இரண்டாகப் பிரித்து, தலா 30 லிட்டர் கொள்ளளவில் டிக்கியின் தரைக்கு அடியில் படுக்க வைக்கும் முறையை டாடா நிறுவனம் 2023இல் ஆல்ட்ராஸ் காரில் கொண்டுவந்துவிட்டது என்பதை யாராவது ஒருவர் ஒரு வரியில் எழுதியிருந்தால்கூட, அந்தக் குடும்பம் எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்டிருக்கும்.

நாம் பெரும்பாலும் நிறுவனத்தோடு நிறுவனத்தையும், பெயரோடு பெயரையும் ஒப்பிடுகிறோம். இன்று சந்தையில் இருக்கும் கார்களுக்கு அந்த முறை பொருந்துவதில்லை. ஒரே அடித்தளத்தின், அதாவது வண்டியின் கீழ்க்கட்டமைப்பின், மேல் இரண்டு மூன்று வகை உடல்களைப் பொருத்தி, வெவ்வேறு பெயரில், வெவ்வேறு விலையில், சில சமயம் வெவ்வேறு நிறுவனங்களின் முத்திரையிலேயே விற்கிறார்கள். மாருதி பலேனோவும் ஃபிராங்ஸும் ஒரே அடித்தளத்தில் உருவானவை. பலேனோவை ஹேட்ச்பேக், அதாவது டிக்கி தனியாக நீளாத கார், என்கிறார்கள். ஃபிராங்ஸை எஸ்யூவி எனப்படும் உயரமான வண்டிகளின் வரிசையில் நிறுத்துகிறார்கள். இரண்டுக்கும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம், அதாவது வீல்பேஸ், அதே 2,520 மி.மீ. நீளம் ஒன்று 3,990, மற்றொன்று 3,995. இரண்டிலும் அதே 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கிடைக்கிறது. ஃபிராங்ஸின் உயரம் 1,550 மி.மீ., பலேனோவின் உயரம் 1,500. தரையிலிருந்து வண்டியின் அடிவயிறு வரையிலான கிரவுண்ட் கிளியரன்ஸிலும் ஃபிராங்ஸுக்கு 20 மி.மீ. கூடுதல். சரி, உயரமான வண்டியில் சாமான் வைக்க இடமும் கூடுதலாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? பலேனோவின் டிக்கி 318 லிட்டர், ஃபிராங்ஸின் டிக்கி 308 லிட்டர். பின்பக்கக் கூரையைச் சரிவாக வெட்டி அழகுபடுத்தியிருப்பதால், உயரம் தெரிகிற அளவுக்கு உள்ளே இடம் கூடுவதில்லை. நாங்கள் விசாரித்தபோது இரண்டின் தொடக்க வேரியன்ட்டுகளுக்கு இடையிலேயே 80 ஆயிரம் ரூபாய்க்கும் மேல் வித்தியாசம் இருந்தது.

இதை வைத்து, எஸ்யூவி என்று சொல்லி விற்கப்படும் சின்ன வண்டிகளெல்லாம் வெறும் தோற்றம்தான் என்று முடிவுகட்டினால் அதுவும் தவறாகிவிடும். ஹூண்டாய் நிறுவனத்தின் ஐ10 நியோஸையும் எக்ஸ்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் வீல்பேஸும் 2,450 மி.மீ. நீளம்கூட இரண்டுக்கும் அதே 3,815 மி.மீ.தான். ஆனால் நியோஸின் டிக்கி 260 லிட்டர்; நிமிர்ந்த பெட்டி போன்ற உடல் கொண்ட எக்ஸ்டரின் டிக்கி 391 லிட்டர். அதே அடித்தளத்தில் வால் வைத்த செடானான ஆராவுக்கு 402 லிட்டர். ஓர் இடத்தில் உயரம் இடத்தைக் கொடுக்கிறது, இன்னோர் இடத்தில் எடுக்கிறது. ஆகவே 'எஸ்யூவி நல்லதா, ஹேட்ச்பேக் நல்லதா' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது; இந்த அடித்தளத்தில் இந்த உடல் எனக்கு எதைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்று ஒவ்வொரு ஜோடியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது புரிய இரண்டு மாதம் ஆயிற்று. வாகனப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை வந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் புரிந்திருக்கும்.

இந்த வடிவங்களுக்குப் பின்னால் வரி விதி ஒன்றும் இருக்கிறது. நீளம் 4,000 மி.மீ.க்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசலானால் 1,500 சிசிக்குள் இருந்தால் அது சிறிய கார், வரி குறைவு. 2006இல் கலால் வரியில் தொடங்கிய இந்தப் பாகுபாடு, 2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்திலும் தொடர்கிறது. இப்போது சிறிய கார்களுக்கு 18 சதவீதம், மற்றப் பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். நம் ஊர் செடான்களின் வால் ஏன் இப்படிக் கத்தரித்ததுபோல் இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். 2008இல் வந்த முதல் மாருதி டிசையர் செடானின் நீளம் 4,160 மி.மீ., டிக்கி 440 லிட்டர். 2012இல் அதையே 3,995 மி.மீ.க்குள் அடக்கியபோது டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. பிறகு வந்த மாதிரிகளில் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டு, 2024இல் வந்த டிசையரில் 382 லிட்டர் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். ஷோரூமில் நமக்கு எஸ்யூவி என்று காட்டப்படும் பல வண்டிகள் வரிக் கணக்கில் சிறிய கார்களே. இதில் வாங்குபவருக்கு நன்மைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 'எஸ்யூவி' என்ற சொல்லுக்காக மட்டும் ஒரு தொகையைக் கூடுதலாகக் கொடுக்கிறோமா என்று ஒருமுறை யோசிக்க இந்த விவரம் உதவும்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் மாமியாருக்கு 78 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. மகனுக்கு உயரமான வண்டி மேல் ஆசை, கணவருக்குச் செடான், எனக்கு, எங்கள் தெருவில் திருப்ப முடிகிற எதுவானாலும் சரி. மூன்றாவது ஷோரூமுக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனோம். தையல் தெரிந்தவள் என்பதால் என் கைப்பையில் எப்போதும் ஓர் அளவு டேப் இருக்கும். ஒவ்வொரு காரிலும் தரைக்கும் பின் இருக்கையின் விளிம்புக்கும் உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொண்டேன். ஒரு செடானில் 51 செ.மீ. இருந்தது, உயரமான ஒரு வண்டியில் 66 செ.மீ. மாமியார் வீட்டில் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழுந்திருக்கும் கட்டில் 56 செ.மீ. செடானில் தலையைக் குனிந்து உள்ளே இறங்க வேண்டியிருந்தது. எழும்போது இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. உயரமான வண்டியில் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு மற்றொரு காலை எடுக்க முடியாமல், புடவைக் கொசுவத்தை ஒரு கையிலும் கதவின் மேல் கைப்பிடியை மற்றொரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்படியோ ஏறி உட்கார்ந்து, "ஏறுறது ஏறிட்டேன்டி, இறங்கறதுக்கு நீ பக்கத்துலயே இருக்கணும்" என்றார். கடைசியில் இரண்டுக்கும் நடுவே 57 செ.மீ. இருந்த ஒரு ஹேட்ச்பேக்கில், கட்டிலில் உட்காருவது போலவே உட்கார்ந்து, இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொண்டார். அந்த 57 என்ற எண் எந்தக் கையேட்டிலும் அச்சாகவில்லை. ஷோரூம் ஊழியருக்கும் தெரிந்திருக்கவில்லை. சென்னையில் முதியவர் இல்லாத வீடு எத்தனை? இருக்கையின் உயரத்தை ஏன் யாருமே எழுதுவதில்லை?

அதே டேப்பை எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக்கும் கொண்டுபோனேன். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே 2,420 மி.மீ. மகன் விரும்பிய கிரெட்டாவின் அகலம் 1,790 மி.மீ., நீளம் 4,330 மி.மீ. சரிநடுவில் நிறுத்தினாலும் பக்கத்துக்கு 315 மி.மீ.தான் மிஞ்சும்; மாமியார் அந்த இடுக்கில் இறங்கவே முடியாது. கையேட்டில் தரப்படும் அகலம் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காத அளவு என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். சிறிய காருக்கும் இதே தூண்கள்தான், 1,745 மி.மீ. அகலமுள்ள பலேனோவிலும் பக்கத்துக்கு ஏறக்குறைய 22 மி.மீ. கூடுமே தவிர, பெரிய மாற்றம் இருக்காது. ஆகவே அகலத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, நீளத்தையும், கதவு எந்தக் கோணத்தில் திறக்கிறது என்பதையும் பார்த்தோம். மாமியாரை வாசலிலேயே இறக்கிவிட்டுப் பிறகு உள்ளே நிறுத்துவது என்று வீட்டில் பேசி முடிவாயிற்று.

மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் மடிப்பாக்கத்திலிருந்து எழுதும் கார் கடிதம் முழுமையாகாது. 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் இந்தப் பகுதியில் மறந்தவர் இல்லை. கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு நடந்து வீடு திரும்பும் மக்கள் நாங்கள். 'நம்ம ஏரியாவுக்கு எஸ்யூவிதான் சரி மேடம், தண்ணி பிரச்சினையே இல்லை' என்று எல்லா ஷோரூமிலும் சொன்னார்கள். வாகனங்களைப் பழுது பார்க்கும் எங்கள் உறவினர் ஒருவரிடம் கேட்டபோது அவர் விளக்கியது வேறு. தண்ணீரில் ஒரு கார் நின்றுபோவதை முடிவு செய்வது அடிவயிற்றின் உயரம் அல்ல, இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான். அதன் வழியே தண்ணீர் இன்ஜினின் சிலிண்டருக்குள் புகுந்துவிட்டால், காற்றைப்போலத் தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால், பிஸ்டன் மேலே வரும்போது அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்வதால்தான் பெரும்பாலான இன்ஜின்கள் கெடுகின்றன என்றும், சாதாரண முழுக் காப்பீட்டில் இந்தச் செலவு பொதுவாகக் கிடைக்காது, இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். எவ்வளவு ஆழத் தண்ணீர் வரை ஓட்டலாம் என்ற அளவு, நாங்கள் வாங்கி வந்த எந்தச் சிறிய காரின் கையேட்டிலும் இல்லை. 20 மி.மீ. கூடுதல் கிரவுண்ட் கிளியரன்ஸை நம்பி முழங்கால் தண்ணீரில் யாரும் இறங்கிவிடக் கூடாதே என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த 20 மி.மீ. வேகத்தடைகளில் உதவும், உண்மை. இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக மெதுவாக ஏறி இறங்க வேண்டும். எங்கள் உட்தெருக்களில் இருப்பவையோ கையால் பிடித்து வைத்த கரைகள். ஐந்து பேர் ஏறி, ஏசி போட்டு, டிக்கியில் அரிசி மூட்டை வைத்த பிறகு எந்த வண்டியும் கொஞ்சம் தாழத்தான் செய்யும். கையேட்டில் இருப்பது பெரும்பாலும் காலி வண்டியின் அளவு. எனவே டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து முடித்துக்கொள்ளாமல், முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு நம் தெருவுக்கே ஓட்டி வரச் சொல்ல வேண்டும். நாங்கள் கேட்டோம்; இரண்டு இடத்தில் மறுத்தார்கள், ஓரிடத்தில் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். வாங்கப்போகும் அதே வேரியன்ட், அதே எரிபொருள், அதே கியர் வகை கொண்ட வண்டியை ஓட்டிப் பார்ப்பதும் அவசியம். ஆட்டோமேட்டிக் என்ற ஒரே சொல்லுக்குள், மேனுவல் கியரையே இயந்திரம் மாற்றித்தரும் ஏஎம்டியும் இருக்கிறது, எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும் இருக்கிறது. கிண்டி கத்திப்பாரா நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கழுத்திலேயே தெரிந்துவிடும்.

மைலேஜைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறோம் என்பது என் கருத்து. சான்றளிக்கப்பட்ட கணக்குப்படி 1.2 லிட்டர் மேனுவல் பலேனோ லிட்டருக்கு 22.35 கி.மீ., அதே இன்ஜின் கொண்ட ஃபிராங்ஸ் 21.79 கி.மீ. ஆண்டுக்குப் பத்தாயிரம் கி.மீ. ஓட்டி, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,150 ரூபாய்தான். நகரத்துக்குள் இரண்டுமே இந்த எண்ணைவிடக் குறைவாகத்தான் கொடுக்கும். ஆனாலும் இரண்டுக்கும் இடையிலான தூரம் பெரிதாக மாறிவிடாது. இதற்காக உடலமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையைப் பற்றி. தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான காருக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம், பத்து லட்சத்தைத் தாண்டினால் இருபது லட்சம் வரை 18 சதவீதம் என்று 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்டது. 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10,20,000 ரூபாய் வண்டிக்கு 1,83,600 ரூபாய். ஷோரூமில் 'முப்பதாயிரம்தான் மேடம் வித்தியாசம், சன்ரூஃப் வந்துடும்' என்று சொல்லப்பட்டதை வீட்டுக்கு வந்து தாளில் கூட்டிப் பார்த்தபோது அது 84,900 ரூபாயாக இருந்தது. பத்து லட்சத்தைத் தாண்டினால், விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரியான டிசிஎஸ் ஒரு சதவீதம் வேறு பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும், அந்த நேரத்தில் கையிலிருந்து போக வேண்டிய பணம்தான். காப்பீட்டை அந்த ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

முத்திரை மட்டும் மாறிய இரட்டையர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பலேனோவே டொயோட்டா கிளான்சாவாகவும், ஃபிராங்ஸே டைசராகவும் வருகின்றன. இவற்றில் வண்டியை ஒப்பிடுவதைவிட, வீட்டுக்கு எந்த சர்வீஸ் சென்டர் பக்கம், எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும், வாரன்டி எத்தனை ஆண்டு என்று கேட்பதே போதும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் இந்தக் குடும்ப உறவை நம்பக் கூடாது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற, விபத்துப் பாதுகாப்புக்கான நட்சத்திர மதிப்பீடு நம் நாட்டிலேயே நடைபெறுகிறது. மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் முன்பக்க மோதல், பக்கவாட்டு மோதல், கம்பத்தில் மோதுதல் என்று சோதிக்கிறார்கள். ஒரே அடித்தளம் என்பதால் ஒன்றுக்குக் கிடைத்த நட்சத்திரம் மற்றொன்றுக்கும் பொருந்தும் என்று விற்பனையாளர் சொன்னால் ஏற்க வேண்டாம். உடல் மாறினால் சோதனையும் தனிதான். முன்பக்க மோதல் சோதனை ஒரு வண்டி தன்னைப்போன்ற எடையுள்ள வண்டியோடு மோதுவதற்கு ஒப்பானது என்பதால், சிறிய காரின் ஐந்து நட்சத்திரத்தையும் பெரிய காரின் ஐந்து நட்சத்திரத்தையும் சமமாக வைத்துப் பார்க்கவும் முடியாது. நடு இருக்கையில் உட்காருபவருக்கும் தோளைச் சுற்றி வரும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த இடம் என் மகளுடையது.

ஹூண்டாய் நிறுவனம் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்களைச் செய்து வருகிறது. ரெனோ கைகரும் நிசான் மேக்னைட்டும் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஒரே ஆலையில், ஒரே அடித்தளத்தில் உருவாகின்றன. இத்தனை அருகில் இருந்தும், ஒரு காரின் அளவுகளைத் தமிழில் படித்து ஒப்பிட நமக்கு வழியில்லை. கிடைக்கும் கையேடு ஆங்கிலத்தில், அதுவும் பாதிக்கு மேல் படங்களாகத்தான் இருக்கிறது. ஆகவே தங்கள் வாகனப் பக்கம் இதை எடுத்துச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாரம் ஒரு ஜோடி போதும். ஒரே அடித்தளத்தில் வந்த இரண்டு உடல்களை எடுத்துக்கொண்டு, பின் இருக்கையின் உயரம், டிக்கி வாயின் அகலமும் விளிம்பின் உயரமும், சிஎன்ஜி பொருத்திய பின் மிஞ்சும் இடம், ஐந்து பேர் ஏறிய பின் உள்ள கிரவுண்ட் கிளியரன்ஸ், பக்கக் கண்ணாடியோடு சேர்ந்த அகலம், சென்னை ஆன்ரோடு விலையின் முழுப் பிரிவு ஆகியவற்றைத் தங்கள் நிருபர்களே டேப் பிடித்து அளந்து வெளியிட வேண்டும். ஷோரூம்களும் ஆன்ரோடு விலையின் ஒவ்வோர் இனத்தையும் தமிழில் எழுதிக் கையில் கொடுக்க முன்வர வேண்டும்.

நாங்கள் இறுதியில் பெட்ரோலில் ஓடும் அந்த ஹேட்ச்பேக்கையே பதிவு செய்திருக்கிறோம். மகனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நாத்தனார் வீட்டில் இப்போது கூரையில் சாமான் வைக்கும் கம்பிச் சட்டம் பொருத்தலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே கேட்ட அட்டவணைக்கு உதவுமானால், நான் இதுவரை ஒன்பது கார்களில் எடுத்த அளவுகளைத் தங்கள் அலுவலகத்துக்கு எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
மடிப்பாக்கம், சென்னை – 600 091